சபை வளர்கிறது, கட்டடம் போதவில்லை: ஆதரவை எங்கிருந்து திரட்டுவது?

ஒரு சகோதரர் கேட்டிருக்கிறார்: "எங்கள் சபையில் விசுவாசிகள் பெருகிவிட்டார்கள். ஞாயிறு காலை வாசலுக்கு வெளியேயும் ஆட்கள் நிற்கிறார்கள். கூரை ஒழுகுகிறது. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குத் தனி அறை இல்லை. கழிப்பறை ஒன்றுதான். கடன் வாங்கலாம் என்று கமிட்டியில் சிலர் சொல்கிறார்கள். ஆராதனையில் அறிவித்து ஒரே நாளில் பொருத்தனை, அதாவது இவ்வளவு தருகிறோம் என்ற வாக்கு, வாங்கிவிடலாம் என்று வேறு சிலர் சொல்கிறார்கள். நான் பொருளாளர். எங்கே தொடங்குவது?"

வீடுகளில் தொடங்குங்கள் சகோதரரே. பிரசங்க பீடத்திலிருந்து உருக்கமாகக் கேட்டால் அந்த ஞாயிற்றுக்கிழமை பணம் வரும். வேலை பாதியில் நின்று, மேஸ்திரி கூலிக்குக் காத்திருக்கும் மாதத்தில் அதே உருக்கம் மறுபடி வேலை செய்யாது. ஒவ்வொரு குடும்பத்தையும் நேரில் போய்ப் பார்த்து, இந்தக் கட்டடத்தைப் பற்றி அவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று காதுகொடுத்துக் கேட்ட சபையில் பணம் தாமதமானாலும் ஆதரவு குலையாது. சில சபைகளின் கட்டடக் கணக்குகளைக் கூடவே இருந்து பார்த்தவன் என்ற முறையில் இதைத்தான் முதலில் சொல்வேன்.

ஆனால் வெறுங்கையோடு போகாதீர்கள். "ஆலயத்தை மேம்படுத்தப் போகிறோம்" என்று பொதுவாகச் சொன்னால் ஆளுக்கொரு ஆலயத்தை மனதில் கட்டிக்கொள்வார்கள். ஒருவர் ஏசி வரும் என்று நினைப்பார், இன்னொருவர் கோபுரம் உயரும் என்று நினைப்பார். கடைசியில் கூரையும் கழிப்பறையும் மட்டும் மாறினால் இருவருக்கும் மனவருத்தம். சபையோடு எந்தக் கொடுக்கல் வாங்கலும் இல்லாத ஒரு கட்டடப் பொறியாளரை வரவழைத்து, கட்டடத்தின் நிலையை எழுத்தில் வாங்கிவிடுங்கள். அதற்கு ஆகும் கட்டணம் வீண்செலவு ஆகாது.

அறிக்கை கைக்கு வந்ததும் வேலைகளை வரிசைப்படுத்துங்கள். உயிருக்கு ஆபத்தானது முதலில்: மின்கம்பிகள், கூரை, வெளியேறும் வழிகள். நான்கு விளக்குக்கும் நான்கு மின்விசிறிக்கும் போட்ட பழைய வயரிங்கில் ஒலிபெருக்கி, கீபோர்டு, ப்ரொஜெக்டர் என்று ஒவ்வொன்றாக ஏற்றியிருப்போம். கூட்டம் இரண்டு மடங்கு ஆனபிறகும் வெளியே போக ஒரே கதவுதான் இருக்கும், அதுவும் உள்பக்கமாகத் திறக்கும். இவற்றைச் சரிசெய்யும் முன் வர்ணம் பூசுவதைப் பற்றிப் பேசவே கூடாது. அடுத்து கழிப்பறையும் சாய்வுதளமும். சாய்வுதளத்துக்கு 1:12 என்பது பல நாடுகளில் ஏற்கப்பட்ட சரிவு. வாசல் தரையிலிருந்து 60 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால் 7.2 மீட்டர் நீளம் வேண்டும். அவ்வளவு இடம் எங்கே கிடைக்கும் என்பதை வரைபடம் போடும்போதே அளந்துவிடுங்கள். கடைசியில் யோசிப்பவர்கள் செங்குத்தாக ஒன்றைக் கட்டிவிடுகிறார்கள். சக்கர நாற்காலியை நான்கு பேர் தூக்க வேண்டியிருந்தால் அது இருந்தும் பயனில்லை.

இடநெருக்கடியைப் பற்றி ஒரு வார்த்தை. இருக்கைகளில் 80 சதவீதம் நிரம்பினாலே புதிதாக வருகிறவருக்கு இடமில்லாததுபோலத் தோன்றும் என்பது சபை வளர்ச்சியைப் பற்றிப் பேசுகிறவர்கள் நெடுநாளாகச் சொல்லும் கணக்கு. நீங்கள் அதைத் தாண்டிவிட்டீர்கள். ஆனாலும் இரண்டாவது ஆராதனை வைத்துப் பார்த்தீர்களா என்று யாராவது கண்டிப்பாகக் கேட்பார். கேட்க வேண்டிய கேள்விதான், கோபப்படாதீர்கள். அதற்குச் செங்கல் செலவு கிடையாது. போதகருக்கும் பாடகர் குழுவுக்கும் ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்கும் பெலன் செலவாகும். சில மாதம் நடத்திப் பாருங்கள். விரிவாக்கம் தேவைதானா, இல்லை பழுதுபார்த்தால் போதுமா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

கோபுரம் கட்ட மனதாயிருக்கிறவன் முதலில் உட்கார்ந்து செல்லுஞ்செலவைக் கணக்குப் பார்க்க வேண்டும் என்று லூக்கா 14-ஆம் அதிகாரத்தில் வருவதை நாம் சீஷத்துவத்துக்கு, அதாவது இயேசுவைப் பின்பற்றும் வாழ்வுக்கு, சொல்லிப் பழகிவிட்டோம். அங்கே சொல்லப்பட்டதும் அதற்காகத்தான். ஆனால் அந்த உவமையில் இருக்கிற கட்டடக்காரனுடைய புத்தி நமக்கும் வேண்டும். குறைந்தது மூன்று ஒப்பந்தக்காரர்களிடம் ஒரே வேலைப்பட்டியலைக் கொடுத்து மதிப்பீடு வாங்குங்கள். வந்த தொகைக்கு மேல் 10 முதல் 15 சதவீதம் எதிர்பாராச் செலவுக்கு ஒதுக்குங்கள். பழைய கட்டடமென்றால் 15-ஐ ஒட்டியே வைத்துக்கொள்ளுங்கள். பூச்சை உடைத்துப் பார்த்தால்தான் உள்ளே கம்பி துருப்பிடித்திருப்பது தெரியும். வேலை முடிந்தபின் கூடப்போகும் மின்கட்டணம், துப்புரவு, பராமரிப்பு ஆகியவற்றையும் அதே காகிதத்தில் எழுதுங்கள். திறப்பு விழாவுக்கு அடுத்த மாதம் வரும் மின்கட்டண ரசீதைப் பற்றி யாருமே யோசிக்காத சபைகள் உண்டு.

இப்போது வீடுகளுக்குப் போகலாம். இதற்கு ஒரு பழைய முன்மாதிரி இருக்கிறது, கட்டடச் செலவிலிருந்தே பிறந்தது. 1739-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் மெத்தடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய போதகர் ஜான் வெஸ்லி ஒரு பிரசங்கக் கூடத்துக்கு அடிக்கல் போட்டார். 'நியூ ரூம்' என்ற அந்தக் கட்டடம் இன்றும் நிற்கிறது. கட்டியதில் கடன் விழுந்தது. 1742 பிப்ரவரியில் கடனை எப்படி அடைப்பது என்று பேசக் கூடினார்கள். கடன் தீரும்வரை ஒவ்வொருவரும் வாரம் ஒரு பென்னி கொடுக்கலாம் என்று ஃபாய் என்ற கப்பல் தலைவர் சொன்னார். பலர் ஏழைகளாயிற்றே, அவர்களால் எப்படி முடியும் என்று இன்னொருவர் கேட்டார். அதற்கு அந்தக் கப்பல் தலைவர், மிகவும் ஏழைகளான பதினொரு பேரை என் பொறுப்பில் விடுங்கள், வாரந்தோறும் அவர்களைப் போய்ப் பார்க்கிறேன், அவர்களால் கொடுக்க முடிந்தால் நல்லது, முடியாவிட்டால் அவர்களுக்கும் சேர்த்து நானே கொடுத்துவிடுகிறேன் என்றார். மற்றவர்களும் அப்படியே பன்னிரண்டு பன்னிரண்டு பேராகப் பிரித்துக்கொண்டார்கள்.

அதன்பிறகு நடந்ததுதான் உங்களுக்கு முக்கியம். பென்னி வாங்கப் போனவர்கள் அந்த வீடுகளின் நிலையைக் கண்டார்கள். யார் விசுவாசத்தில் பின்வாங்குகிறார், எந்த வீட்டில் சண்டை என்பதெல்லாம் தெரியவந்தது. நாம் இவ்வளவு நாள் தேடியது இதுதான் என்று வெஸ்லி கண்டுகொண்டார். மெத்தடிஸ்ட் சபைகளின் முதுகெலும்பாகப் பல தலைமுறை நின்ற வகுப்புக் கூட்டங்கள், அதாவது ஒரு தலைவரின் பொறுப்பில் வாரந்தோறும் கூடும் சிறு குழுக்கள், இப்படித்தான் தோன்றின. கடன் வசூலிக்கப் போனவர்கள் மேய்ப்பர்களாகத் திரும்பினார்கள். உங்கள் சபை வேகமாக வளர்வதாகச் சொல்கிறீர்கள். புதிதாக வந்த குடும்பங்களில் எத்தனை பேருடைய வீட்டுக்குள் கமிட்டியார் கால்வைத்திருப்பார்கள்?

இரண்டிரண்டு பேராகப் போங்கள். ஒருவர் கமிட்டியிலிருந்து, மற்றவர் வெளியிலிருந்து. முடிந்தால் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். கழிப்பறை, குழந்தைகளுக்கான இடம், பாலூட்ட ஒரு மூலை ஆகியவற்றை ஆண்கள் மட்டும் போனால் யாரும் வாய்திறந்து சொல்லமாட்டார்கள். முதல் சந்திப்பில் பணம் கேட்கவே கூடாது. "இன்றைக்குக் காணிக்கை கேட்க வரவில்லை. கட்டடத்தில் உங்களுக்கு எது கஷ்டமாக இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வந்தோம்" என்று உட்காரும்போதே சொல்லிவிடுங்கள். சொன்னபடியே இருங்கள். ஜெபித்துவிட்டு எழுந்திருங்கள்.

இப்படி ஒரு சபையில் நானும் கூடப் போயிருந்தேன். வந்து சில மாதமே ஆன ஓர் இளைஞர், வாடகை வீடு. பேச்சு முடிந்து நாங்கள் கிளம்பும்போது வாசல்வரை வந்து, "அண்ணே, பணமா என்கிட்ட ஒண்ணும் எதிர்பார்க்காதீங்க. ஆனா நான் வயரிங் வேலை பார்க்கிறவன். மேடைக்குப் பின்னாடி அந்த ஸ்விட்ச் போர்டைப் பார்த்தாலே எனக்குப் பக்குன்னு இருக்கும். சொல்லத் தயக்கமா இருந்துச்சு" என்றார். அடுத்த வாரம் அவரைப் பொறியாளரோடு அனுப்பினோம். மதிப்பீட்டில் விட்டுப்போயிருந்த எர்த்திங் வேலையை அவர்தான் எடுத்துக் காட்டினார். ஆராதனையில் கேட்டிருந்தால் அவர் தலையைக் குனிந்துகொண்டிருப்பார், அவ்வளவுதான்.

கசப்பும் கேட்க நேரிடும். "போன தடவை பெஞ்சு வாங்கக் கொடுத்தோமே, அந்தக் கணக்கு என்ன ஆச்சு?" என்று யாராவது கேட்கத்தான் செய்வார்கள். பதிலுக்கு வாதாடாதீர்கள், எழுதிக்கொண்டு வாருங்கள். பழைய நிதி எதற்காவது கணக்கு ஒப்புவிக்கப்படாமல் இருந்தால் புதிய நிதி தொடங்கும் முன் அதை முடித்துச் சபையாருக்கு முன்பாக வாசியுங்கள். நிதி திரட்டுவது பற்றிய எந்தப் பயிற்சியும் இந்த ஒரு வாசிப்புக்கு ஈடாகாது.

அடுத்து, கொடுக்கும் வரிசை. 1 நாளாகமம் 29-இல் தாவீது தன் சொந்தப் பொன்னையும் வெள்ளியையும் முதலில் கொடுத்து, கொடுத்த அளவையும் சொன்னார். பிறகு வம்சங்களின் பிரபுக்கள் கொடுத்தார்கள். அதைக் கண்டு ஜனங்கள் சந்தோஷப்பட்டார்கள். போதகர், மூப்பர்கள், கமிட்டியார் தங்கள் பங்கை எழுதிக்கொடுக்காமல் ஒரு விசுவாசியிடமும் பொருத்தனை அட்டையை நீட்டக்கூடாது. "கமிட்டியில் உள்ள எல்லாரும் கொடுத்துவிட்டோம்" என்று நீங்கள் சொல்ல முடிய வேண்டும். தொகையைச் சொல்ல வேண்டியதில்லை, எல்லாரும் கொடுத்தது போதும்.

மொத்தத் தொகையைக் குடும்பங்களின் எண்ணிக்கையால் வகுத்து, வீட்டுக்கு இவ்வளவு என்று தயவுசெய்து வைக்காதீர்கள். இது நியாயம்போலத் தோன்றும் அநியாயம். தினக்கூலிக்காரருக்கு அது பாரம், வசதியுள்ளவருக்கு அது தப்பித்துக்கொள்ள ஒரு வழி. எந்த நிதிதிரட்டலிலும் பெரும்பகுதித் தொகை சிலரிடமிருந்தே வருகிறது. பெரிய நிதிகளைத் திரட்டிப் பழகியவர்கள் இலக்கில் 10 முதல் 20 சதவீதம் ஒரே கொடையாக வரும் என்று எதிர்பார்த்துத்தான் திட்டம் போடுகிறார்கள். அந்தச் சிலரைப் போதகரும் நீங்களும் தனியாகச் சந்தித்துப் பேசுங்கள். இலக்கில் பாதிக்கு மேல் உறுதியான பிறகுதான் சபைக்குப் பொதுவாக அறிவியுங்கள். பாதி வழி வந்துவிட்ட வேலையில் கைகொடுக்க எல்லாருக்கும் மனம் வரும். ஆனால் பெரிய தொகை கொடுத்தவருக்குக் கமிட்டியில் இடம் தரவும் கூடாது, வரைபடத்தை மாற்றும் அதிகாரம் தரவும் கூடாது. பொன்மோதிரம் அணிந்தவனுக்கு நல்ல இடத்தைக் காட்டாதே என்று யாக்கோபு எழுதியது இப்படிப்பட்ட வேளைக்குத்தான்.

பொருத்தனை அட்டையில் பெயர், தொகை, மாதாமாதமா மொத்தமாகவா, எவ்வளவு காலத்துக்கு என்பது இருந்தால் போதும். மூன்று வருடத்துக்கு மேல் இழுக்காதீர்கள், ஆட்கள் களைத்துப்போவார்கள். "சூழ்நிலை மாறினால் பொருளாளரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளலாம்" என்ற வரி கண்டிப்பாக இருக்கட்டும். வேலை போனவர் கொடுக்க முடியாத வெட்கத்தில் சபைக்கே வராமல் நின்றுவிடுவார். அப்படி ஒரு குடும்பத்தை இழந்து கட்டும் சுவர் நமக்கு எதற்கு? எல்லாப் பொருத்தனையும் அப்படியே வந்து சேராது, கொஞ்சம் குறையும் என்று முன்கூட்டியே கணக்கில் கழித்துவிடுங்கள். கட்டட நிதிக்குக் கொடுப்பவர் வழக்கமான காணிக்கையைக் குறைத்துக்கொள்வதும் நடக்கும். போதகரின் சம்பளமும் ஏழைகளுக்கான உதவியும் எந்த மாதமும் குறையாது என்று கமிட்டியில் தீர்மானம் போட்டு, அதைச் சபைக்குச் சொல்லுங்கள்.

கேட்கும் விதத்தைப் பற்றி எனக்கு மனதில் பாரம் உண்டு. எருசலேம் தேவாலயத்தில் இரண்டு காசு போட்ட ஏழை விதவையைக் காட்டிக் கட்டட நிதி கேட்பது வழக்கமாகிவிட்டது. மாற்கு 12-இன் கடைசிப் பகுதியைச் சற்று மேலிருந்து வாசியுங்கள். அவளைப் பற்றிச் சொல்வதற்குச் சற்று முன்புதான், விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கிறவர்களை ஆண்டவர் கண்டிக்கிறார். அடுத்த அதிகாரம் தொடங்கியதும், அந்தத் தேவாலயத்தில் ஒரு கல்லின்மேல் ஒரு கல்லிராதபடிக்கு எல்லாம் இடிக்கப்படும் என்கிறார். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற அந்தப் பெண்ணை வைத்து, நம் சபையின் விதவையிடம் கடைசிக் காசைக் கேட்க எனக்கு நா எழாது. அவளாக மனமுவந்து கொடுத்தால் மரியாதையோடு வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டில் அரிசி பருப்பு இருக்கிறதா என்றும் பார்த்துவிட்டு வாருங்கள்.

இவ்வளவு கொடுத்தால் இத்தனை மடங்கு திரும்ப வரும், வியாதி நீங்கும் என்று வாக்குக் கொடுத்துக் கேட்பது இன்னும் மோசம். ரோமில் புனித பேதுரு பேராலயத்தைக் கட்டப் பாவமன்னிப்புச் சீட்டு விற்றதுதான் 1517-இல் லூத்தரின் 95 வாதங்களுக்குக் காரணமாயிற்று. கட்டடத்துக்காகச் சுவிசேஷத்தை விலைபேசினால் என்ன ஆகும் என்பதைத் திருச்சபை ஒருமுறை பட்டு அறிந்திருக்கிறது. கொடுத்தவர்களின் பெயரையும் தொகையையும் ஆராதனையில் வாசிப்பதும் வேண்டாம். குறைவாகக் கொடுத்தவரின் பிள்ளையும் அங்கேதான் உட்கார்ந்திருக்கும்.

"யாரிடமும் கேட்க வேண்டாம், ஜார்ஜ் முல்லரைப்போல ஜெபித்தால் போதும்" என்று ஒரு மூப்பர் சொல்வார். அவருடைய விசுவாசத்தை மதியுங்கள். முல்லர் மனிதரிடம் பணம் கேட்காமலேதான் பிரிஸ்டலின் ஆஷ்லி டவுனில் ஐந்து பெரிய அனாதை இல்லங்களைக் கட்டினார். முதலாவது 1849-இல் திறக்கப்பட்டது. அதே முல்லர் வந்த ஒவ்வொரு நன்கொடைக்கும் ரசீது கொடுத்து, வருடந்தோறும் வரவு செலவை அச்சிட்டு வெளியிட்டார். ஜெபத்தில் அவரைப் பின்பற்ற விரும்புகிறவர்கள் கணக்கிலும் அவரைப் பின்பற்றட்டும்.

கணக்கு என்றால் 2 இராஜாக்கள் 12-ஐவிட நல்ல பாடம் இல்லை. அது புதிதாகக் கட்டிய கதை அல்ல, பழுதுபார்த்த கதை. ஆலயத்தைப் பழுதுபார்க்க ஆசாரியரிடம் பணம் வாங்கச் சொன்னார் யோவாஸ் ராஜா. அவருடைய ஆட்சியின் இருபத்துமூன்றாம் வருஷம் வரைக்கும் ஒரு பிளவும் அடைபடவில்லை. காரணம், பழுதுபார்க்கும் பணமும் ஆசாரியர் கைக்கு வரும் பணமும் ஒரே இடத்தில் கலந்திருந்தது. பிறகுதான் ஆசாரியனாகிய யோய்தா ஒரு பெட்டியை எடுத்து, மூடியில் துவாரமிட்டு, பலிபீடத்தண்டையில், ஜனங்கள் உள்ளே வரும் வலதுபக்கத்தில் வைத்தார். பெட்டி நிறைந்ததும் எண்ணுகிறவர்கள் இருவர்: ராஜாவின் சம்பிரதி (எழுத்தர்), பிரதான ஆசாரியன். ஒருவர் அரண்மனையைச் சேர்ந்தவர், மற்றவர் ஆலயத்தைச் சேர்ந்தவர், ஒருவருக்கொருவர் கீழ்ப்பட்டவர் கிடையாது. எண்ணிப் பைகளில் கட்டி, வேலையை நடத்துகிறவர்கள் கையில் கொடுத்தார்கள். அவர்கள் தச்சருக்கும் கொத்தருக்கும் கல்தச்சருக்கும் கூலி கொடுத்தார்கள்.

நீங்களும் இதையே செய்யுங்கள். கட்டட நிதிக்குத் தனி வங்கிக் கணக்கு. காசோலையில் இரண்டு கையெழுத்து, இருவரும் ஒரே குடும்பத்தினராக இருக்கக்கூடாது. காணிக்கையை எண்ணுகிறவர் வேறு, கணக்கில் எழுதுகிறவர் வேறு. ஒப்பந்தக்காரர் கமிட்டியில் யாருக்காவது உறவென்றால் அவர் அந்தத் தீர்மானத்தில் வாக்களிக்கக்கூடாது. மாதம் ஒருமுறை வரவு, செலவு, கையிருப்பு மூன்றையும் வேலை நடக்கும் இடத்தின் புகைப்படத்தோடு ஒரே தாளில் ஒட்டுங்கள். பணம் குறைந்தால் எந்த வேலை நிற்கும், மிஞ்சினால் எதற்குப் போகும் என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். இஸ்ரவேலர் வனாந்தரத்தில் ஆராதிக்கக் கட்டிய ஆசரிப்புக் கூடாரத்தின் வேலையில் ஜனங்கள் தேவைக்கு மேல் கொண்டுவந்தபோது மோசே பாளயம் எங்கும் அறிவித்து நிறுத்தினார் என்று யாத்திராகமம் 36 சொல்கிறது. போதும் என்று சொல்லத் தெரிந்த கமிட்டியை அடுத்த முறையும் நம்புவார்கள்.

கடனைப் பற்றிக் கேட்டீர்கள். பழுதுபார்க்கும் வேலைக்குக் கடன் வேண்டாம் என்பது என் கருத்து. வேலையைக் கட்டங்களாகப் பிரித்து, ஒரு கட்டத்துக்கான பணம் கையில் வந்த பிறகு அதைத் தொடங்குங்கள். லண்டனில் பிரசங்கியார் ஸ்பர்ஜனின் மெட்ரோபாலிட்டன் டாபர்னக்கிள் என்ற ஆலயம் 1861-இல் திறக்கப்பட்டபோது அதன்மேல் ஒரு காசு கடன் இல்லை. இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. கலிபோர்னியாவில் 1980-இல் 10,000-க்கும் மேற்பட்ட கண்ணாடிகளைப் பதித்துத் திறக்கப்பட்ட கிறிஸ்டல் கதீட்ரல் என்ற சபை, காணிக்கை குறைந்து கடன் பெருகி 2010-இல் திவால் மனு கொடுத்தது. பிறகு அதன் கட்டடம் 5.75 கோடி டாலருக்குக் கத்தோலிக்க மறைமாவட்டத்துக்கு விற்கப்பட்டது. கூரையே விழும் நிலையில் அவசரமாகக் கடன் வாங்க நேர்ந்தால், கையில் வரும் உறுதியான காணிக்கையை வைத்துத் தவணையைக் கணக்கிடுங்கள், பொருத்தனை அட்டைகளை வைத்து வேண்டாம். விசுவாசிகளிடம் வட்டிக்குக் கைமாற்று வாங்குவதை மட்டும் அறவே தவிர்த்துவிடுங்கள். கொடுத்தவர் போதகரின் கண்ணைப் பார்க்கும் பார்வையே மாறிவிடும்.

வெளியாரிடம் கேட்பது கடைசியில் வரட்டும். வேறு ஊர்களுக்குப் போய்விட்ட பழைய அங்கத்தினர்கள், உங்கள் ஞாயிறு பள்ளியில் படித்து வளர்ந்தவர்கள், உங்கள் திருச்சபை அமைப்பின் கட்டட உதவி நிதி, இந்த வரிசையில் அணுகுங்கள். ஒவ்வொருவருக்கும் தனிக் கடிதம் எழுதுங்கள், ஒரே செய்தியை எல்லாருக்கும் அனுப்பாதீர்கள். பொறியாளரின் அறிக்கை, மதிப்பீடு, சபையார் இதுவரை கொடுத்த தொகை மூன்றும் அதோடு போகட்டும். "நாங்கள் இவ்வளவு சேர்த்துவிட்டோம், இன்னும் இவ்வளவு குறைகிறது" என்ற வரிக்கு இருக்கும் பெலன் வேறு எந்த வர்ணனைக்கும் இல்லை. வேறு நாட்டிலிருந்து பணம் வரும் வாய்ப்பிருந்தால், உங்கள் நாட்டின் சட்டம் அதற்கு என்ன அனுமதி கேட்கிறது, எந்தக் கணக்கில் வர வேண்டும் என்று ஒரு கணக்காயரிடம் கேட்டுவிட்டு, அதன்பிறகு கடிதத்தை அனுப்புங்கள். பணம் வந்தபின் அனுமதி தேடினால் சபையின் பெயரே சிக்கலில் மாட்டும்.

இந்த வாரம் உங்களுக்கு இரண்டு வேலைகள்தான். பொறியாளரை அழைப்பது ஒன்று. சபை அங்கத்தினர் பட்டியலை எடுத்து, சமீபத்தில் யாருமே போய்ப் பார்க்காத வீடுகளைக் குறிப்பது இன்னொன்று. அந்த வீடுகளிலிருந்தே சந்திப்பைத் தொடங்குங்கள்.